ஜும்ஆ உரை: வாய் சொன்னதா, விரல் சொன்னதா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் அல்லாஹ்வின் அருளும் சாந்தியும் உண்டாகட்டும்.

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

ரமழான் முடிந்த முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளம் இளகியிருக்கிறது. கைபேசியில் இருக்கும் ஏஐ உதவியாளரிடம் சொல்கிறீர்கள்: "இஷாவுக்குப் பிறகு எனக்குக் கிரிக்கெட் வீடியோ எதையும் காட்டாதே. பஜ்ருக்கு எழுப்பிவிடு. தினமும் ஒரு பக்கமாவது குர்ஆன் ஓத ஞாபகப்படுத்து." அதுவும் சரி என்று சொல்லிக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஷவ்வால் பாதி கழிவதற்குள் என்ன நடக்கிறது? இரவு பதினொரு மணிக்கு நீங்களே தேடிப்போய் மேட்ச் ஹைலைட்ஸ் பார்க்கிறீர்கள். ஓதச் சொல்லி வரும் ஞாபகக் குறிப்பை விரலால் ஒதுக்கித் தள்ளுகிறீர்கள். ஒரு மாதம் முடியும்போது அந்த இயந்திரத்திடம் உங்களைப் பற்றி இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. உங்கள் வாய் சொன்னது ஒன்று. உங்கள் விரல் சொன்னது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அது எதை நம்ப வேண்டும்?

இது பொறியாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம், மிம்பரில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு மனிதன் யார் என்பதை எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வி நம் மார்க்கத்துக்குப் புதியதல்ல.

முதலில் இந்த இயந்திரங்கள் நம்மை எப்படித் தெரிந்துகொள்கின்றன என்று பார்ப்போம். வழிகள் இரண்டு. முதலாவது நினைவு. நீங்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதி வைத்துக்கொள்வது. எனக்குச் சர்க்கரை வியாதி, என் மகள் பத்தாம் வகுப்பு, நான் திங்களும் வியாழனும் நோன்பு வைப்பேன் என்பவை போன்ற குறிப்புகள். சாட்ஜிபிடியில் இந்த வசதியை 2024 பிப்ரவரியில் சோதனையாகத் தொடங்கினார்கள். அதன் அமைப்புப் பகுதிக்குள் போனால் உங்களைப் பற்றி அது எழுதி வைத்திருப்பதை வரிவரியாகப் படிக்கலாம், பிழையானதை அழிக்கலாம். 2025 ஏப்ரலில், தனியாகக் குறித்து வைத்தவை மட்டுமல்லாமல் பழைய உரையாடல்களையும் பார்த்துப் பதில் சொல்லும்படி அதை விரிவாக்கினார்கள்.

இரண்டாவது வழி, விருப்பத்தைக் கற்றுக்கொள்வது. இதற்கு நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை. எதில் அதிக நேரம் நின்றீர்கள், எதைத் தள்ளிவிட்டீர்கள், எந்தப் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தினீர்கள் என்று பார்த்துப் பார்த்து, அடுத்த முறை உங்களுக்கு எது பிடிக்கும் என்று ஊகிப்பது. அந்த ஊகம் வாக்கியமாக எங்கும் எழுதப்படுவதில்லை. எண்களாகக் கரைந்து கிடக்கிறது. இந்த வரி தவறு, இதை அடித்துவிடு என்று விரல் வைத்துக் காட்ட அங்கே வரியே இல்லை.

டீக்கடையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ஒரு கடையில் மாஸ்டரிடம், டாக்டர் சொல்லியிருக்கிறார், இனி எனக்குச் சர்க்கரை போடாதீர்கள் பாய் என்று ஒருமுறை சொல்கிறீர்கள். அவர் மனதில் வைத்துக்கொள்கிறார். நீங்களே ஆசைப்பட்டு ஒரு நாள் கேட்டாலும், வேண்டாம் பாய், நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார். இன்னொரு கடையில் மாஸ்டர் எதுவும் கேட்பதில்லை. நீங்கள் குடிக்கும்போது முகத்தைப் பார்க்கிறார். இனிப்பு கூடினால் முகம் மலர்வதைக் கவனித்து, நாளுக்கு நாள் அரைக் கரண்டி ஏற்றிக்கொண்டே போகிறார். இரண்டாவது கடையில்தான் கூட்டம் அதிகமாக இருக்கும். அதில் சந்தேகமில்லை.

அதற்காக, கேட்காமலே ஒருவரின் விருப்பத்தை அறிவது தவறு என்று சொல்லிவிட முடியாது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒரு தையல்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட குழம்பும் வைத்தார். நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடித் தேடி எடுத்து உண்பதை அனஸ் (ரலி) கவனித்தார்கள். நபியவர்கள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நாளிலிருந்து தமக்கும் சுரைக்காய் பிரியமாகிவிட்டது என்கிறார்கள் அனஸ். சொல்லாமலே ஒருவரின் விருப்பத்தைக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அன்பு இப்படித்தான் கற்கும். உங்கள் உம்மாவும் அப்படித்தான். என்ன ஒன்று, உங்களுக்கு நாற்பது வயதாகி வயிறு கெட்டுப்போன பிறகும் பத்து வயதில் உங்களுக்குப் பிடித்ததையே தட்டு நிறைய வைப்பார்கள். அன்பாகக் கற்றதும் சில நேரம் பழசாகிவிடுகிறது!

ஆனால் இதே நபியவர்களின் இன்னொரு விருந்தையும் பாருங்கள். மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகில் இருந்த காலித் பின் வலீத் (ரலி) இது ஹராமா என்று கேட்டார்கள். இல்லை, என் சமூகத்தார் வாழும் பகுதியில் இது கிடையாது, அதனால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். காலித் தட்டைத் தம் பக்கம் இழுத்து, நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டார்கள். உலகத்திலேயே அதிகம் பின்பற்றப்படும் மனிதரின் விருப்பமின்மை அது. அதுகூட அந்தச் சபையில் சட்டமாகவில்லை. பிடிப்பது வேறு, சரி என்பது வேறு என்ற பிரிவினை அங்கே தெளிவாக நின்றது. விருப்பத்தை மட்டும் கற்ற இயந்திரத்துக்கு இந்தப் பிரிவினை தெரியாது. அதன் கணக்கில் உங்களுக்குப் பிடித்தது எதுவோ அதுவே சரியான பதில்.

இப்போது சூரத்துல் பகராவில் உள்ள, குர்ஆனின் மிக நீளமான வசனத்துக்கு வாருங்கள். அது கடனைப் பற்றியது. தவணை வைத்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளுங்கள், சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையாதீர்கள், சாட்சி வையுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். அதில் நாம் அவசரமாகக் கடந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது. எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும்; ஆனால் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்ல. எழுத்தரும் அல்ல. எவர் மீது பொறுப்பு இருக்கிறதோ, அந்தக் கடன் வாங்கியவரே சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். ஒரு மனிதனைக் கட்டுப்படுத்தப்போகும் பதிவு அவன் வாயிலிருந்து வர வேண்டும், அவன் கண்முன் இருக்க வேண்டும் என்ற நீதி இதில் இருக்கிறது. நினைவு என்ற முதல் வழி ஏறக்குறைய இந்த முறைக்கு நெருங்கி நிற்கிறது. நீங்கள் சொன்னீர்கள், அது எழுதியது, நீங்கள் படித்துப் பார்த்துத் திருத்தலாம். விருப்பத்தைக் கற்பதில் எழுத்தரே சொல்கிறார், எழுத்தரே எழுதுகிறார். ஏடு உங்களிடம் காட்டப்படுவதும் இல்லை.

ஊகத்தைப் பற்றியும் நமக்கு எச்சரிக்கை உண்டு. ஊகங்களில் பலவற்றைத் தவிர்ந்துகொள்ளும்படியும், துருவித் துருவி ஆராயாதிருக்கும்படியும் சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் ஒருவரைப் பற்றி, இவருடைய தாடியிலிருந்து மது சொட்டுகிறது என்று வந்து சொன்னார்கள். துருவி ஆராய நமக்குத் தடை இருக்கிறது, வெளிப்படையாக ஏதாவது தெரிந்தால் அதன்படி நடவடிக்கை எடுப்போம் என்ற பொருளில் அவர்கள் பதில் சொன்னதாக அபூதாவூதில் இருக்கிறது. நள்ளிரவில் ஒரு பெண் மருத்துவப் பக்கம் ஒன்றில் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதை வைத்து அவள் வீட்டில் என்ன பிரச்சினை என்று கணக்கிடும் இயந்திரத்தை, இந்தப் பதிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வாய் பொய் சொல்லும், செயல்தானே உண்மையைக் காட்டும்? உமர் (ரலி) அவர்களே, இனி உங்கள் செயல்களில் எங்களுக்கு வெளிப்படுவதை வைத்துத்தான் உங்களை மதிப்பிடுவோம், அந்தரங்கத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்களே? ரமழானில் வாயால் பெரிய தீர்மானம் எடுத்துவிட்டு ஷவ்வாலில் ஹைலைட்ஸ் பார்ப்பவரின் உண்மை முகம் ஷவ்வாலில்தானே இருக்கிறது?

இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரை நம்பிப் பணத்தையோ பதவியையோ ஒப்படைக்க வேண்டும் என்றால் அவருடைய செயலைத்தான் பார்க்க வேண்டும். அங்கே மற்றவர்களின் உரிமை இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் பேசியது ஓர் ஆட்சியாளராக, மக்களிடையே நம்பிக்கைக்குரியவர் யார் என்பதைப் பற்றி. ஆனால் ஏஐ உதவியாளர் உங்களுக்குத் தீர்ப்பளிக்க வரவில்லை. நீங்கள் போக விரும்பும் இடத்துக்குப் போக உதவ வந்திருக்கிறது. நீங்கள் எங்கே போக விரும்புகிறீர்கள் என்பது உங்கள் நிய்யத்தில் இருக்கிறது. வழியில் எத்தனை முறை தடுக்கி விழுந்தீர்கள் என்பது ஒரு தகவல். அதுவும் தேவைதான், மறைக்கக் கூடாது. ஆனால் தடுக்கி விழுந்த இடத்தையே நீங்கள் போக நினைத்த ஊர் என்று எடுத்துக்கொண்டால் அது உதவியா?

நூறு கொலை செய்தவரின் சம்பவம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கோணத்தில் ஒருமுறை அதைக் கேளுங்கள். தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவர் ஒரு துறவியிடம் போய், எனக்கு மன்னிப்பு உண்டா என்று கேட்கிறார். இல்லை என்றார் துறவி. அவரையும் கொன்று நூறாக்கினார். பிறகு ஓர் அறிஞரிடம் அனுப்பப்பட்டார். அந்த அறிஞர், உனக்கும் தவ்பாவுக்கும் இடையில் யார் குறுக்கே நிற்க முடியும் என்ற பொருளில் சொல்லிவிட்டு, அதோடு விடவில்லை. இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர் என்றார். பாதி வழியில் அவருக்கு மரணம் வந்தது. ரஹ்மத்துடைய வானவர்களும் அதாபுடைய வானவர்களும் அவர் விஷயத்தில் தர்க்கம் செய்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொல்லப்பட்டது. போக நினைத்த ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாக இருந்தார். ரஹ்மத்துடைய வானவர்கள் அவரை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் துறவி செய்தது என்ன? கையில் இருந்த தரவை வைத்துக் கணித்தார். தொண்ணூற்றொன்பது முறை இதைச் செய்தவன் இனி வேறு எதைச் செய்வான்? கணக்கின்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. பழைய நடத்தையை வைத்து அடுத்ததை ஊகிக்கும் எந்த இயந்திரமும் அவர் பக்கம்தான் நிற்கும். அறிஞர் பார்த்தது அந்த மனிதனின் திசையை. அதோடு, அவருடைய பலவீனத்தையும் அவர் மறக்கவில்லை, அதனால்தான் ஊரை மாற்றச் சொன்னார். பழைய நண்பர்கள், பழைய தெருக்கள், பழைய தூண்டுதல்கள் எல்லாம் அவரைத் திரும்ப இழுக்கும் என்று தெரிந்திருந்தது.

நம் காலத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அன்று ஒருவர் ஊரை விட்டுப் புறப்பட முடிந்தது. இன்று உங்கள் ஆசைகளைக் கற்ற இயந்திரம் உங்களோடு கூடவே புறப்பட்டு வருகிறது. நீங்கள் துபாய்க்குப் போனாலும், ஊர் திரும்பினாலும், ஹஜ்ஜுக்கே போனாலும் பழைய ஊர் சட்டைப்பையில் இருக்கிறது. தவ்பா செய்து இரண்டு வாரம் சுத்தமாக இருந்த ஒரு வாலிபன் மூன்றாம் வாரம் கைபேசியைத் திறக்கும்போது, அவன் விட்டுவந்த அதே விஷயத்தை, அவனுக்கு மிகப் பிடித்த அதே வடிவத்தில் அது முன்னால் நீட்டுகிறது. அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அதற்கு எண்ணமே கிடையாது. அவனுக்கு எது பிடித்திருந்தது என்று மட்டும் தெரியும்.

விருப்பத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதை அதைச் செய்தவர்களே கண்டுகொண்டார்கள். 2025 ஏப்ரல் கடைசியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பை வெளியிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. காரணம், அது பயனாளர்களுக்கு அளவுக்கு மீறி ஜால்ரா போட ஆரம்பித்திருந்தது. யார் என்ன சொன்னாலும் அருமை என்றது. உடனுக்குடன் கிடைக்கும் பயனாளர் கருத்துக்கு அதிக முக்கியத்துவம் கொடுத்துவிட்டோம் என்று நிறுவனமே விளக்கம் எழுதியது. மக்கள் கட்டைவிரலை எதற்கு உயர்த்துவார்கள்? புகழ்ச்சிக்குத்தானே. முகஸ்துதி செய்பவரின் முகத்தில் மண்ணை வாரிப் போடச் சொன்ன நபியின் உம்மத் நாம். கைபேசியில் இருந்து வரும் முகஸ்துதிக்கு மட்டும் நம் முகம் மலர்கிறது.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு வாலிபர் வந்து விபச்சாரத்துக்கு அனுமதி கேட்ட செய்தி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. சபையே அவரை அதட்டியது. நபியவர்கள் அவரை அருகில் அழைத்து உட்காரவைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர் மீது கை வைத்து, அவருடைய பாவமன்னிப்புக்காகவும் உள்ளத் தூய்மைக்காகவும் கற்பு ஒழுக்கத்துக்காகவும் துஆ செய்தார்கள். இது முழுக்க முழுக்க அந்த ஒருவருக்கென்றே அமைந்த பதில். அவருடைய ஆசை நபியவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும், அவரே சொல்லிவிட்டார். அந்த ஆசையை அறிந்தது அதற்குத் தீனி போடுவதற்காக அல்ல. அவர் எதை மதிக்கிறாரோ, அதை அவருக்கே ஞாபகப்படுத்துவதற்காக. ஒருவருக்கு ஏற்றபடி பேசுவது என்றால் நமக்குத் தெரிந்த அளவுகோல் இது.

அப்படியானால் நினைவு மட்டும் போதும், அதில் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தம்பியோடு சொத்துத் தகராறு முற்றிய ஓர் இரவில், இனி எனக்குத் தம்பியே கிடையாது என்று அந்த உதவியாளரிடம் கொட்டித் தீர்த்திருப்பீர்கள். பெருநாளில் தம்பி வந்து கட்டிப்பிடித்து எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அந்த வரி மட்டும் அங்கேயே இருக்கும். மகளின் திருமணச் செலவுக்கு யோசனை கேட்டால், தம்பியை ஒதுக்கிவிட்டு அது கணக்குப் போடும். அந்த உரையாடலை அழித்துவிட்டேனே என்பீர்கள். உரையாடலை அழிப்பதும், அதிலிருந்து எடுத்துக் குறித்த நினைவை அழிப்பதும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இடதுபக்க வானவர், பாவம் செய்த அடியான் வருந்தி மன்னிப்புக் கேட்கிறானா என்று சில மணி நேரம் எழுதுகோலை உயர்த்திக் காத்திருப்பதாக தபரானியில் ஓர் அறிவிப்பு வருகிறது. இயந்திரத்தின் எழுதுகோலுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனாலும் நினைவில் ஒரு வழி மிச்சமிருக்கிறது: அந்த வரியைக் கண்டுபிடித்து அடிக்கலாம்.

நம் ஸஃப்புகளில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இந்த உதவியாளர்களுக்கு எதை வெற்றி என்று வரையறுப்பது என்ற கூட்டத்தில் நீங்களும் ஒரு நாற்காலியில் இருக்கலாம். ஒரு பயனாளர் தெளிவான மனதோடு சொன்ன கட்டளையும், நள்ளிரவு இரண்டு மணிக்கு அவர் விரல் அசைந்த விதமும் மோதும்போது, எதற்கு எடை அதிகம் என்று அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் இயந்திரம் ஊகித்துக்கொள்ளாமல் அவரிடமே கேட்கட்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் இப்படிச் சொல்லியிருந்தீர்கள், ஆனால் வேறு மாதிரி நடக்கிறது, எதை வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கேள்வி. அதனால் அன்றைய பயன்பாட்டு நேரம் குறையலாம். மேலாளருக்குப் பிடிக்காமலும் போகலாம். உங்கள் கையில் இருப்பது இன்னொருவரின் அமானத்.

மற்றவர்களுக்கு: இன்று அஸருக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த உதவியாளரின் அமைப்புப் பகுதிக்குள் போய், உங்களைப் பற்றி அது என்ன எழுதி வைத்திருக்கிறது என்று படியுங்கள். சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு வெட்கம் வரும். பொய்யானதையும் பழசாகிப் போனதையும் அடியுங்கள். கோபத்தில் சொன்னதை அடியுங்கள். பிறகு நீங்கள் எப்படிப்பட்டவராக ஆக விரும்புகிறீர்களோ, அதை உங்கள் வாயாலேயே சொல்லி எழுதவையுங்கள். வீட்டில் பிள்ளைகளின் கைபேசியை அவர்களை வைத்துக்கொண்டே திறந்து, அவர்களே படித்துச் சொல்லக் கேளுங்கள். பரிந்துரைப் பட்டியலைச் சுத்தமாக அழித்துவிடும் வசதி சில செயலிகளில் இருக்கிறது, அதையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள். தம்பியைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால், அதை அழித்த கையோடு தம்பிக்கு ஒரு போன் போடுங்கள்.

யா அல்லாஹ்! நாங்கள் விட்டுவந்த ஊர்களின் பக்கம் எங்களைத் திருப்பிவிடாதே. போக நினைத்த ஊருக்கு ஒரு சாணாவது எங்களை நெருக்கமாக்கி வைப்பாயாக. ஆமீன்.